காத்திருந்த லட்சணம்

அவளை மெதுவான ஆள் என்று சொல்கிறவர்களை ஒரே ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்புறம் வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்.

அங்கே உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் கை பொறுக்காத சூட்டோடு வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நுனிகளைப் பிடித்து, ஒரு உதறு உதறி, இழுத்து, நெருங்கி, மடித்து, மறுபடி விலக வேண்டும். அவளோடு ஜோடி சேர்ந்து மடிப்பவளுக்கு மணிக்கட்டில் வலி. அதனால் இழுக்கிற இடத்தில் மட்டும் இவள் கையைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நாள் பூராவும் நின்றபடியே வேலை பார்த்து, நீராவியையும் சலவை மருந்தின் நெடியையும் உள்ளே இழுத்து இழுத்து அவளுக்கு மூச்சு குறுகிப்போயிருந்தது. கால்களில் ஒரு குறையும் கிடையாது. சமதளத்தில் விட்டால் ஊரையே சுற்றி வருவாள். செங்குத்தாக ஏறச் சொன்னால்தான் நெஞ்சு விசில் அடிக்கும்.

அந்த விசிலை வைத்துத்தான் கொழுந்தன் அவளுக்குக் கடைசிப் பெட்டி என்று பெயர் வைத்தான். ரயிலில் கார்டு விசில் ஊதுவது கடைசிப் பெட்டியில்தானே என்று அதற்கு விளக்கம் வேறு. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் தடவை அவளும் சிரித்துத் தொலைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், அப்புறம் உரித்தாலும் வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாரம் முழுக்க, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பரவாயில்லை, மெதுவா, அவசரமே இல்லை என்று தேன் ஒழுகப் பேசுவார். பொறுமைக்கு இவரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் பெயர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் மலை ஏறப் போவார்கள். பெரிய மலை ஒன்றும் இல்லை. காலையில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடலாம். டாக்டர் நடக்கச் சொன்னதால் இவளும் கூடப் போக ஆரம்பித்தாள். அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பொறுமையெல்லாம் கார் கதவைச் சாத்தியதும் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று.

அவர்கள் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று யாரும் பழி சொல்ல முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார்கள். அந்த நின்ற லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும். மூன்று பேரும் பாறையில் சாய்ந்து, தண்ணீர் குடித்து, தொப்பியால் விசிறிக்கொண்டு, போன வாரக் கதையெல்லாம் பேசி முடித்திருப்பார்கள். இவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவாள். வந்து சேர்ந்த அந்த நிமிஷமே, "வந்துட்டியா? சரி, கிளம்பலாம்" என்று வீட்டுக்காரர் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு. தேவைப்படுகிறவளுக்கு உட்காரக்கூட நேரம் இல்லை. அடுத்த திருப்பத்திலும் இதே கூத்து. உச்சிக்கு இவள் போய்ச் சேரும்போது அவர்கள் சாப்பிடுகிற அவசரத்தில் இருப்பார்கள், சாப்பிட்டதும் இறங்குகிற அவசரம். இத்தனைக்கும் மேலே, உனக்காக எத்தனை இடத்துல நின்னோம் பார் என்று வீட்டுக்கு வந்து கணக்கு வேறு சொல்வார்கள்.

அவள் ஆசைப்பட்டது உலகத்தில் இல்லாத ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, வீட்டுக்காரரோடு பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே உச்சி வரைக்கும் போக வேண்டும். பையன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அதிலும் அவர் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது என்றால் எப்படி? இந்த மாதமும் அது நடக்கவில்லையென்றால் இனி மலைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். முடிவு கட்டிக்கொண்டு, வழி தேடுகிற வேலையில் இறங்கினாள்.

ஆமாம், அதுவரைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மனிதர்கள் இல்லை, கார். எங்கே வண்டியை நிழலில் நிறுத்த இடம் இருக்கிறதோ அங்கேதான் அவர்கள் மலை ஆரம்பிக்கும். அந்த நிறுத்துமிடத்திலிருந்து படிப்பாதை ஒன்று மூக்குக்கு நேராக மேலே போகிறது. குறைந்த தூரம்தானே என்று வீட்டுக்காரர் அதைவிட்டு அசைந்ததே இல்லை. தூரம் குறைந்தால் செங்குத்து கூடும் என்பது மலைக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர்கள் நெஞ்சா விசில் அடிக்கிறது?

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். உயரக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் ஏற்றம், விலகியிருந்தால் சரிவு குறைவு. படிப்பாதையில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. இன்னொரு பக்கம் மின்கம்பங்களுக்கு அடியில் ஒரு தடம் இருந்தது. ஏற்றம் பரவாயில்லை, ஆனால் பொட்டு நிழல் கிடையாது. மூன்றாவதாக, மலைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பழைய மண் சாலை. மலையை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் படிப்பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சாவகாசமாக உச்சிக்குப் போகிறது. தூரம் இரண்டு பங்கு, ஏற்றமோ கால் உணராத அளவுக்குத்தான். அதன் அடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸின் கடைசி நிறுத்தம் இருக்கிறது.

வரைபடத்தை மட்டும் நம்பி அவள் பேசவில்லை. வார விடுமுறையில் அந்தப் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சாலை தொடங்குகிற வாயிற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது, ஆனால் ஆட்கள் போகப் பக்கத்தில் இடைவெளி விட்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தாள். இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலம். பக்கத்தில் ஆள் வருகிற மாதிரி ஒரு ஓரமாக ஒதுங்கி நடந்து பார்த்தாள். இவ்வளவு நாள் இது இங்கேயே கிடந்திருக்கிறதே என்று வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது.

கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் வந்திருந்த அன்று அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். கொழுந்தன் அது ரோடு, அதில் ஏறினால் மலை ஏறினதாகக் கணக்கில்லை என்றான். ஓரகத்தி எனக்கு எந்த வழியானாலும் சரி அக்கா என்று நகத்தைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை உன் இஷ்டப்படியே வச்சுக்கலாம் என்றார். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சொன்னவர் பொறுமைசாலி ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார் நின்றது. அந்தக் கடைசிப் பஸ் நிறுத்தம் வரைக்கும் காரில் போய்விடலாமே என்றார்கள். சரி என்று ஏறினாள். மலையடிவாரத்துக் கிளைச்சாலை வந்ததும் கார் மலையின் பின்பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வழக்கமான நிறுத்துமிடத்துக்கே போய், வழக்கமான மரத்தடியிலேயே நின்றது. அந்தப் பக்கம் ரோட்டோரம் வண்டியை விட்டால் கீறிவிடுவார்கள், தம்பி சொன்ன பிறகுதான் யோசித்தேன், இன்றைக்கு மட்டும் இப்படிப் போவோம், அடுத்த மாதம் கண்டிப்பாக உன் வழி என்று வீட்டுக்காரர் ஒரே மூச்சில் சப்பைக்கட்டு கட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல், ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே கட்டினார்.

அவள் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தால் அங்கேயே கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது. காரில் கீறல் விழக்கூடாதாம். பெண்டாட்டி நெஞ்சுக்குள் என்ன கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாதே, அதனால் பரவாயில்லை போலிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

முதல் திருப்பத்தில் நின்றார்கள். இவள் போய்ச் சேர்ந்ததும் கிளம்பினார்கள். இரண்டாவது திருப்பத்தில் கொழுந்தன் கையை வாயருகே குவித்து விசில் அடிக்கிற மாதிரி காட்ட, ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவள் போய்ச் சேர்ந்ததும் கிளம்பினார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை திரும்பி, இன்றைக்குப் பரவாயில்லையே, நல்லாத்தானே ஏறுற என்று தன் மாணவர்களிடம் சொல்கிற குரலில் சொன்னார். அதைக் கேட்டு அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பதில் சொல்ல மூச்சு மிச்சமில்லை.

பாதி மலையில் தண்ணீர்த் தொட்டிச் சாலை குறுக்கே வந்தது. படிப்பாதை அதைத் தாண்டி மறுபடி செங்குத்தாக ஏறியது. அவர்கள் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். சாலை ஓரத்தில் யாரோ ஒரு மரப்பலகையைக் கல் மேல் வைத்து உட்கார வசதி பண்ணியிருந்தார்கள். அவள் அதில் உட்கார்ந்தாள். மேலேயிருந்து, "அண்ணி, இங்கதான் நிக்கிறோம், வாங்க" என்று கொழுந்தனின் குரல் வந்தது. நில்லுங்கள், நன்றாக நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டு கால்களை நீட்டினாள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். நெஞ்சுக்குள் விசில் குறைந்து, குறைந்து, அடங்கியது. இந்த மலையில் அவள் மூச்சு தானாக அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. இதற்கு ஒரு வழி வேண்டுமா, வரைபடம் வேண்டுமா, யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதாதா என்று நினைத்ததும் அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான்.

கொஞ்ச நேரத்தில் மேலே காலடிச் சத்தம் கேட்டது. படிகளில் யாரோ வேகமாக இறங்கி வந்தார்கள். மரங்களுக்கு நடுவே வீட்டுக்காரரின் தொப்பி தெரிந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பி இறங்கி வந்ததில்லை. நிற்பார், கூப்பிடுவார், கை ஆட்டுவார், ஆனால் ஏறின படியில் ஒன்றைக்கூட இவளுக்காக இறங்கியதில்லை. இன்றைக்கு வருகிறார், அதுவும் வேர்க்க விறுவிறுக்க. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் சேர்த்து வைத்திருந்த வசவுகளெல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. பலகையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இந்தச் சாலையைக் காட்டி, இங்கேயிருந்து இரண்டு பேரும் இதில் போகலாமா என்று கேட்க வாயைத் திறந்தாள்.

அவர் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"சாப்பாட்டுப் பை உன்கிட்டதானே இருக்கு? தம்பிக்குப் பசி தாங்கலையாம்."

பை அவள் முதுகில்தான் இருந்தது. நான்கு பேர் சாப்பாடும் அதில்தான். வேகமாகப் போகிறவர்களுக்குப் பாரம் கூடாது என்று எப்போதோ ஆரம்பித்த வழக்கம்.

அவள் பையைக் கழற்றினாள். திறந்து, தன் டப்பாவையும் ஒரு கரண்டியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பையை மூடி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, எழுந்திரு, அவர்கள் நிற்கிறார்கள் என்றார்.

"யாரும் எனக்காக நிக்க வேண்டாம். நான் இந்த ரோட்லயே உச்சிக்குப் போயிட்டு, இதுலயே இறங்கி பஸ்ல வீட்டுக்கு வந்துடறேன்."

"விளையாடுறியா? தனியா எப்படிப் போவ?"

"இத்தனை வருஷமா தனியாத்தானே ஏறிட்டிருக்கேன்" என்றாள். "உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரியுது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னமோ சொல்ல வந்தார். அதற்குள் மேலேயிருந்து தம்பியின் குரல் படிகளில் இறங்கி வந்தது.

"அண்ணா, பை கிடைச்சுதா?"

அவர் அவளைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"கிடைச்சுடுச்சு" என்று கத்தினார்.

அவள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டிச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள்.