புல்லில் தேடிய சிப்

போடிமெட்டு வளைவில் நிறுத்தியபின் மறுபடி கிளம்பாத ஒரு காரைப் பார்க்க, மெக்கானிக்கான என்னை அழைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஓர் அம்மா பின்சீட்டில் படுத்திருந்தார். சாவிக்குள் உள்ள சிப்பைக் கார் அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் என்ற மிதப்பில், விரிசல் விட்டிருந்த சாவியை நின்றபடியே பிரித்தேன். ஏலக்காயைவிடச் சின்ன சிப், புல்லில் தெறித்தது. அந்த அம்மாவின் மகனிடம், "கார் கம்ப்யூட்டரே போச்சுண்ணே" என்று பொய் சொல்லிவிட்டு, குனிந்து தேடினேன்.

தோட்டத்து ஆட்களின் ஜீப் வந்து நின்றது. இறங்கிய ஓர் அக்கா, "என்னப்பு, புல்லு மேயுறியா?" என்றார். அவரிடம் மெதுவாக உண்மையைச் சொன்னேன்.

"ஏலக்காய் தரம் பிரிக்கிற கண்ணுக்கு இதெல்லாம் ஒரு சோலியா?" என்றபடி புல்லை விரலால் விலக்கித் தேடி, சிப்பை எடுத்து நீட்டினார். சாவிக்குள் அசையாமல் பொருத்தினேன். கார் கிளம்பியது.

மகனிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். "அப்பவே தெரியும் தம்பி. கம்ப்யூட்டரப் போயி புல்லுல தேடுவாகளா?"

இப்போது துண்டை விரித்துத்தான் சாவியைப் பிரிக்கிறேன். தவறு நேர்ந்தால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.