நாய்க்குட்டிகளுக்கு அக்கரையில் தோட்டமாம்!

போன சனிக்கிழமை படுவான்கரைக்குப் போக வேண்டியிருந்தது. மச்சாளின் வயல் வட்டையில் அறுவடை முடிந்துவிட்டது. "புது அரிசி எடுத்து வைச்சிருக்கிறன், வந்து கொண்டு போகா மச்சாள்" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாகக் கிடப்பது படுவான்கரை. நான் கிழக்கே இருக்கிறவள். மனிதர், மோட்டார் சைக்கிள், ஆடு, மரக்கறி மூட்டை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான இயந்திரப் படகு ஒன்று இருக்கிறது. அதை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். அதில்தான் போனேன்.

ஏறியதும் பார்த்தால்... நம்ம சேர்!

யார் என்று கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் நாளைக்கே என் கேற்றடியில் வந்து நிற்பார். டவுனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். அங்கே சுற்றாடல் கழகத்துக்கு அவர்தான் பொறுப்பு. மரநடுகை போட்டோக்களில் மண்வெட்டியோடு நடுவில் நிற்பவர், கடற்கரை துப்புரவு நாளில் கையுறை போட்டுக்கொண்டு கமராவைப் பார்ப்பவர்... ஓம், அவரேதான்.

போன மாதம் அவருடைய மகளுக்குப் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம். ஷெரின் என்று வைத்துக்கொள்வோம், ஒன்பது வயது, கீழே ஒரு தம்பி. தலைப்பு, 'வாயில்லா ஜீவன்களும் நாமும்'. "அவையும் நம் உடன்பிறப்புகளே!" என்று அந்தப் பிள்ளை இரண்டு கையையும் விரித்தபோது பிரதம விருந்தினர் கண்ணைத் துடைத்தார். நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

பாதையில் சேர் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பலகையில் ஷெரின். மடியில் ஒரு பிஸ்கட் பெட்டி. பெட்டியில் அங்கங்கே ஓட்டை. ஓட்டைக்குள்ளால் ஒரு கறுப்பு மூக்கு!

"அன்ரி, நாலு குட்டி. அக்கரையில ஒரு அங்கிளுக்குப் பெரிய தோட்டம் இருக்காம். மாடும் இருக்காம். ஒவ்வொரு நாளும் பால் வைப்பாராம்" என்றாள். முகமெல்லாம் வெளிச்சம்.

நான் சேரைப் பார்த்தேன். சேர் வாவியைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் என் பக்கம் குனிந்து, மெதுவாக, "எல்லாம் பெட்டைக் குட்டி அக்கா" என்றார். அதிலேயே முழு விளக்கமும் வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. "கடுவன் ரெண்டு இருந்திச்சு. அதுகள கண் முழிக்க முந்தியே கேட்டு வந்து கொண்டு போயிட்டாங்க. இதுகள ஆரு எடுப்பா?"

"அதுக்கு ஏன் பாதையில?"

"முதல் ஈத்துக் குட்டிய நாங்க பாலத்துக்கு அங்கால விட்ட. அதில ஒண்டு நடந்து வந்து வாசல்ல நிக்குது! தண்ணியைக் கடந்து வராதுதானே..."

கேட்டீர்களா மூளையை? ஊர் முழுக்கத் தெரிந்த உத்திதான் இது. வேண்டாத குட்டியை எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு ஏற்றிவிட்டால் போதும். நடுவில் வாவி கிடக்கிறது, நாய்க்கு டிக்கெட் எடுக்கத் தெரியாது, நமக்கு நிம்மதி.

"தாய்க்குக் குட்டி போடாம ஒரு ஒப்பரேஷன் செய்து விட்டிருக்கலாமே சேர்? மிருக வைத்தியரிட்டக் கொண்டு போனா முடிஞ்சுது."

"ஐயோ அக்கா, வாயில்லா ஜீவன். கத்தி வைக்கிறது பாவம்தானே!"

சில பாவங்களுக்குக் கத்தி வேண்டும், சிலவற்றுக்குப் பிஸ்கட் பெட்டியே போதும் என்று இவருக்கு எந்த வகுப்பில் படிப்பித்தார்களோ தெரியாது.

"பேப்பரில எழுதிப் போடாதீங்க அக்கா" என்றும் சொன்னார். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? நம் எல்லோருக்கும் தெரிந்த சுற்றாடல் பாடம் ஒன்றே ஒன்றுதான் — கண்ணுக்கு மறைந்தால் காரியம் முடிந்தது. கோழிக் கடைக் கழிவு இரவோடு இரவாக வாவிக்குப் போகிறது. குழந்தையின் பம்பர்ஸைப் பையில் சுற்றி, பாலத்தில் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூடக் குறைக்காமல் எறிகிறார்களே, அந்த லாவகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் பெற்றோல் டாங்கியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதே பிள்ளைக்கு அடுத்த நாள் 'வாவியைக் காப்போம்' என்று சித்திரப் போட்டி. நீலக் கலர் பென்சிலைச் சீவிக் கொடுப்பதும் அதே கைதான்!

பாதை கரையைத் தொட்டது.

துறையில் ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு வாகை மரம். மரத்தடியில் படுத்திருந்த ஆறேழு நாய்கள் இயந்திரச் சத்தம் கேட்டதும் எழும்பி ஓடி வந்தன. குரைக்கவில்லை. இறங்குகிற ஒவ்வொருவரின் முகத்தையும் அண்ணாந்து பார்த்தன. ஒன்றுக்குக் கழுத்தில் வெளிறிய ரிப்பன் கூட இருந்தது. கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகு, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடியும் மரத்தடிக்குப் போய்ப் படுத்துவிட்டன.

ஷெரின் பெட்டியை அணைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுகள் ஆரைத் தேடுதுகள்?"

சேர் மோட்டார் சைக்கிளை இறக்குவதில் மும்முரமானார். பதில் சொன்னது தேத்தண்ணிக் கடைக்காரி. வாயில் வெற்றிலை, கையில் தேயிலை வடித்தட்டு, மனதில் ஒளிவு மறைவு கிடையாது.

"ஆரை எண்டு கேட்டா என்னண்டு மகள் சொல்லுற? கொண்டந்து விட்ட ஆக்களத்தான். ஒவ்வொரு பாதைக்கும் இப்பிடித்தான் ஓடி வரும். எல்லாம் பெட்டை நாய். கடுவனெண்டா ஆருகா இஞ்ச கொண்டந்து விடப் போறான்?"

ஷெரின் அப்பா பக்கம் திரும்பினாள். "அந்த அங்கிள் எப்ப வருவாரு?"

"வருவார், வருவார். பெட்டியை அந்த மரத்தடியில வைச்சிட்டு வா, அவர் வந்து எடுப்பார்."

"எந்த அங்கிள் சேர்?" என்றாள் கடைக்காரி. "தோட்டக்காரர் ஆரும் நாய் கேட்டு இஞ்ச வாறல்லயே!"

சேரின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு எழுத்து வராது.

கடைக்காரியை உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். "உங்கட வீட்டுக் குட்டியள என்ன செய்யிற?" என்று சும்மா கேட்டு வைத்தேன். "எங்கட பூனைக் குட்டியள நாங்க அங்கால டவுன் சந்தையடியில விடுற. மீன் செதில் கிடைக்கும்தானே!" என்றாள் சிரித்துக்கொண்டு. ஆக, அவர்கள் நமக்குப் பூனை அனுப்புகிறார்கள், நாம் அவர்களுக்கு நாய் அனுப்புகிறோம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் இவ்வளவு ஒற்றுமை இருப்பது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

ஷெரின் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வை எண்டு சொன்னா வை. பாதை வெளிக்கிடப் போகுது. நான் அந்திக்கு டியூஷன் எடுக்கணும்."

"நான் வைக்க மாட்டன்."

"அப்ப நீயும் இதுகளோட இஞ்சயே நில்லு. நான் போறன்!"

எல்லாப் பெற்றோரும் சொல்வதுதான். சந்தையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் திருவிழாவில்... பிள்ளை அடம் பிடித்தால் நம் வாயில் முதலில் வருவது இந்த வசனம்தான். பிள்ளைகளும் அதை நம்புவதில்லை, சிணுங்கிக்கொண்டே பின்னால் வந்துவிடுவார்கள்.

ஆனால் இந்தப் பிள்ளை நம்பியது. ஏன் நம்பாது? கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற மனிதர் தன் அப்பா என்பதை அது இப்போதுதானே கண்ணால் கண்டது! அப்படியே மணலில், அந்த நாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. பிறகு தலை நிமிர்ந்து கேட்டது...

"தம்பி எண்டாலும் விட்டுட்டுப் போவீங்களா அப்பா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. கடைக்காரி கூட வடித்தட்டைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டில் கடைக்குட்டித் தம்பியை அப்பா எப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார் என்பதை இந்தப் பிள்ளை எத்தனை நாளாகக் கவனித்துக்கொண்டிருந்ததோ! பெட்டைக் குட்டியை ஆர் எடுப்பார் என்று வீட்டில் எத்தனை தரம் சத்தமாகப் பேசினார்களோ!

பேச்சுப் போட்டிக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதர் மோட்டார் சைக்கிளை மறுபடியும் பாதைப் பக்கம் திருப்பினார்.

"சரி, வா போவம். கொண்டு வா அதுகள. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். வீட்ட போனா நீதான் பொறுப்பா பாக்கணும். சாப்பாடு வைக்கிற, கூட்டிக் கழுவுற, எல்லாம் நீதான். நான் ஒண்டும் செய்ய மாட்டன்!"

தோற்றுப்போன இடத்திலும் பிள்ளைக்குப் பொறுப்புப் படிப்பிக்கிறாராம், பாருங்கள்.

ஷெரின் பெட்டியோடு எழும்பினாள். பாவாடையில் ஒட்டிய மணலைக் கூடத் தட்டவில்லை.

"நீங்க ஒண்டும் செய்ய வேணாம் அப்பா. நான் ஸ்கூலுக்குப் போன நேரம் இதுகளத் திரும்பக் கொண்டந்து விடாம இருந்தாக் காணும்."

பிள்ளைகளுக்கு நாம் எதையுமே ஒழுங்காகப் படிப்பிப்பதில்லை என்று யார் சொன்னது? பெற்ற தகப்பனை எந்த நேரத்தில் நம்பக்கூடாது என்பதை ஒன்பது வயதுக்குள்ளேயே படிப்பித்து முடித்துவிட்டோமே!