துக்க வீட்டுக்கு அம்மா செய்த அட்டை

அன்புள்ள சேவியர், ஜெனி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, தெருக்காரர்களே,

உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மலருக்கு யாராவது படித்தவர்களை எழுதச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். ஜெனிதான் போனில், “நீயே எழுதுப்பா, உனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுது” என்றாள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா காசிமேட்டில் பிறந்தார். தாத்தா ரயில்வேயில் கலாசி. ஐந்து பிள்ளைகளில் அம்மா நான்காவது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பத்தாவது வரை படித்தார். பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோதே தாத்தா காய்ச்சலில் இறந்துபோனார். பரீட்சை எழுதிய கையோடு, பாரிமுனைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை விற்கும் கடையில் அட்டை மடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் படிப்பைப் பற்றி வருத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தாத்தா இறந்த வருஷத்துக் கிறிஸ்துமஸைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வார்.

நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் அங்கே ஸ்டார் தொங்காது, பலகாரம் சுடமாட்டார்கள். மற்றவர்களும் அந்த வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போகமாட்டார்கள், வாழ்த்து அட்டையும் அனுப்பமாட்டார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் போய் மகிழ்ச்சி என்று எப்படிச் சொல்வது என்ற மரியாதைதான். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா சொல்வார்: “தபால்காரரு எல்லா வூட்லயும் நின்னாரு. எங்க வூட்டாண்ட வந்ததும் சைக்கிள மிதிச்சுகினு போயிட்டாரு. எங்க அம்மா கதவாண்டயே ஒக்காந்துகினு இருந்துச்சு.”

அந்தக் கடையில்தான் அம்மாவுக்குச் சொரசொர அட்டை பழக்கமானது. கடைக்காரர்கள் அதை டெக்ஸ்சர் போர்டு என்பார்கள். தடித்த அட்டை, ஒரு பக்கம் துணி நெய்தது போலவோ, மணல் தூவியது போலவோ இருக்கும். கல்யாணப் பத்திரிகை வெட்டியபின் ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது அம்மா கொண்டுவந்த சாமான்களில் ஒரு பெரிய பை முழுக்க அந்தத் துண்டுகள்தான். என் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, பொண்ணு குப்பையோட வந்துகீது” என்றார்கள். பிறகு அந்தத் துண்டுகளில் அம்மா செய்த வாழ்த்து அட்டைகளில், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் அட்டை அவர்களுக்கே போனது.

அம்மா அச்சு செய்வது ரப்பர் செருப்பில். அறுந்துபோன செருப்பின் அடிப்பாகத்தை பிளேடால் செதுக்கி நட்சத்திரம், மணி, ஆட்டுக்குட்டி எல்லாம் எடுப்பார். நீங்கள் சின்ன வயதில் ஆளுக்கொரு செருப்பை அறுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சொரசொர அட்டையில் அச்சுக் குத்துவது சுலபமில்லை. மேட்டில் மை படும், பள்ளத்தில் படாது. நட்சத்திரம் சொத்தைப் பல் மாதிரி விழும். அதற்காக அம்மா அட்டைக்கு அடியில் பழைய போர்வையை மடித்து வைப்பார். அச்சை வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஏறி நிற்பார். அட்டை மெத்தென்று அமுங்கி, பள்ளத்திலும் மை இறங்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். “வெயிட்டு போதலன்னா நீ வந்து நில்லு” என்று என்னையும் கூப்பிடுவார்.

இதெல்லாம் ஊருக்கான அட்டைகள். துக்க வீட்டுக்கு அம்மா வேறொன்று செய்தார்.

அதில் மை கிடையாது. வெள்ளை நிறத்தில் மணல் போன்ற அட்டையை எடுப்பார். துறைமுகத்தில் நான் விழுந்து முழங்கை ஒடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தில் மெழுகுவர்த்தி வடிவத்தை வெட்டி எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தை அட்டைமேல் வைத்து, வெட்டிய இடைவெளிக்குள் மட்டும் சோழியால் மெல்லத் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் சொரசொரப்பு அடங்கி வழுவழுப்பாகும். படத்தை எடுத்துவிட்டால் அட்டை வெறும் அட்டைதான். வெளிச்சத்துக்கு நேரே கொஞ்சம் சாய்த்தால் மெழுகுவர்த்தி தெரியும். உள்ளே வாழ்த்து எதுவும் இருக்காது. அந்த வீட்டில் இறந்தவருக்காகச் செபிக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கும்.

முதலில் இதற்கும் வம்பு வந்தது. பக்கத்து வீட்டு ஃபிலோமினாவின் மாமனார் இறந்த வருஷம். அட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் ஃபிலோமினா தெருவே பார்க்க நம் வாசலில் வந்து நின்றது.

“ஏன் அண்ணி, எங்க வூட்ல சாவு வுழுந்தது உனக்கு நக்கலா கீதா? துக்க வூட்டுக்குக் கார்டு அனுப்பறதே தப்பு. அதுலயும் ஒண்ணுமே இல்லாத வெத்து அட்டைய அனுப்பிகீற.”

அம்மா அட்டையை ஃபிலோமினா கையிலிருந்து வாங்கவில்லை. அந்தக் கையோடு சேர்த்துப் பிடித்து வெயில் பக்கம் லேசாகச் சாய்த்தார். ஃபிலோமினா பார்த்தது. பிறகு படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. மாமனார் செத்ததற்கு அழுததா, கத்தியதற்கு அழுததா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் போல ஆகிவிட்டார்கள்.

அம்மா பட்ட கஷ்டங்களை எழுதினால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். என் கை ஒடிந்து நான் படுத்திருந்த மாதங்களில் அவர்தான் வீட்டை நடத்தினார். ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நான் அரிசி மூட்டையைத் தூக்கினேன். “அரிசி ஊறுனா பொங்கித் துன்னலாம், என் அட்டையத் தூக்குய்யா” என்றார். சண்டை போட்டுக்கொண்டே அட்டைப் பையைப் பரணில் ஏற்றினோம். அந்த வருஷம் நம் தெருவில் காய்ந்த பொருள் அது ஒன்றுதான்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் தவறாமல் ரத்தம் சுத்திகரிக்க அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த நாட்களிலும் அம்மா அட்டை செய்தார். விரல் வீங்கிவிடும். அப்போது சோழியைப் பிடிக்க முடியாமல், உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். கடைசி வாரத்தில் அதுவும் முடியவில்லை. தவக்காலம் தொடங்கிய சில நாட்களில், காலையில் கோயில் மணி அடித்து முடிந்த சமயம், என்னிடம் தண்ணீர் கேட்டார். கொண்டு வந்தேன். குடிக்கவில்லை.

அடக்கத்துக்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள், இருந்தீர்கள், போக வேண்டிய நாளில் போனீர்கள். சேவியர் ஓசூருக்கு வரச்சொல்லிப் பலமுறை கூப்பிட்டான். ஜெனி மஸ்கட்டிலிருந்து தினமும் பேசினாள். உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் பிறந்ததும் தெருவில் ஸ்டார் ஏறியது. எல்லா வீட்டு வெளிச்சமும் நம் வாசலில்தான் விழுந்தது. நம் வீடு இருட்டாக இருந்தது. கேரல் பாடுகிறவர்கள் இரண்டு வீடு தள்ளி நின்று பாடிவிட்டு, நம் வாசலைக் கடக்கும்போது மத்தளத்தை நிறுத்திக்கொண்டு போனார்கள். மரியாதைதான். நான் உள்ளே உட்கார்ந்து அவர்கள் மறுபடி எப்போது அடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஃபிலோமினா மீன் குழம்பு கொண்டுவந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றது.

“அண்ணே, தெருக்கோடி மாடில கீறாரே மரியதாசு, அவருக்கு இந்த வருசம் யாரு கார்டு குடுப்பாங்க?”

மரியதாஸ் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். எண்ணூர் பக்கமிருந்து அந்த மாடிக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. பிள்ளைகள் கிடையாது. மழைக்காலத்தில் அவர் மனைவி தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசத் தெரியாமல் திரும்பி வந்தேன்.

அட்டை செய்தவளே போய்விட்டாள், இனி யார் கொடுப்பது என்றேன்.

“அண்ணி போயிட்டா கார்டும் போயிடணுமா? அந்த ஆளு ஒத்தையா கீறாரு. உன்ன மாதிரியே.”

கோபம் வந்தது. ஆனால் ஃபிலோமினா போனபிறகு பரணில் ஏறினேன்.

வெள்ளை அட்டை கொஞ்சம்தான் இருந்தது. முதல் அட்டையில் கரண்டியால் தேய்த்தேன். கறுப்புக் கறையாக இழுத்துக்கொண்டது. சோழி அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது. தேடி எடுத்துத் தேய்த்தால், கிரேன் பிடித்த கை, அழுத்தம் தாங்காமல் அட்டை கிழிந்தது. இன்னொன்றில் எக்ஸ்ரே படம் நழுவி மெழுகுவர்த்தி இரண்டாக விழுந்தது. அம்மா கதை பேசிக்கொண்டே செய்த வேலை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசித் துண்டை எடுத்தபோது, இதுவும் கெட்டால் மரியதாஸ் வீட்டு வாசலையும் தாண்டித்தான் போக வேண்டும் என்று பயந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, சும்மா தடவுவது போலத் தேய்த்தேன். ஒரு மாதிரி விழுந்தது. மேலே பருத்து, கீழே வளைந்து.

ஃபிலோமினா சாய்த்துப் பார்த்தது. “இது இன்னாண்ணே, மெழுகுவத்தியா, முருங்கக்காயா?”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஃபிலோமினாவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குட்த்துட்டு வாண்ணே, முருங்கக்காயா இருந்தா இன்னா” என்றது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து மரியதாஸ் மாடிக்கு ஏறினேன். புதுச்சட்டைக்காரர்கள் எல்லோரும் கீழே கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்து, ஏதோ கெட்ட செய்தி கொண்டுவந்தவனைப் பார்ப்பது போல நின்றார். அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்க்கச் சொன்னேன். சன்னல் பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார். நான் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

கடைசியில் அவர் முதுகைக் காட்டியபடியே சொன்னார்: “பாக்கணும்னா தெரியுது, வேணாம்னா தெரியல. நல்லாகீதுண்ணே.”

பிறகு என்னைச் சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்றேன். “சோறு நெறைய கீது. ஒத்த ஆளுக்கு எவ்ளோ அரிசின்னு எனக்கு இன்னும் கை பழகல” என்றார்.

எனக்கும் பழகவில்லை என்றேன். உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பாரும் அப்பளமும்தான். அவர் மனைவியைப் பற்றி அவர் சொன்னார், உங்கள் அம்மாவைப் பற்றி நான் சொன்னேன். மாலை வரை அங்கேயே இருந்தேன்.

அம்மாவின் நோயில் துணை நின்ற மருத்துவமனைச் செவிலியர்கள், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோ எடுத்த எதிர்வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தை, தினமும் வந்து செபமாலை சொன்ன அன்பியம் செபக் குழுவினர், என்னைப் பட்டினி போடாத ஃபிலோமினா, இன்று பூசைக்கு வந்து அம்மாவுக்காகச் செபித்த நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கும்பிடுகிறேன்.

பிள்ளைகளே, அந்தக் கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் போன் செய்து, நான் எடுக்காமல், பயந்துபோய்விட்டீர்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். இரவு பேசும்போது தூங்கிவிட்டேன் என்றேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று இப்போது சொல்கிறேன். துக்க வீட்டுக்கு அட்டை கொடுத்துவிட்டு நான் திரும்பும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா உள்ளே இருந்து கேட்பார், “இன்னா சொன்னாங்க?” என்று. அன்றும் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சநேரம் நின்றேன். யாரும் கேட்கவில்லை. அவரிடம் சொல்லாததை உங்களிடம் முதலில் சொல்ல வாய் வரவில்லை.

மரியதாஸ் நல்லாகீது என்று சொன்னார். சாப்பிட்டுப் போகச் சொன்னார்.