அற்புதசாமி பார்க்காத விலை

அற்புதசாமிக்கு மச்சான் செபஸ்தியான் மீது இருந்தது வெறும் பொறாமை அல்ல, பௌதிகம் படித்த பொறாமை. இவர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். செபஸ்தியானோ ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்தவர். அந்த மனிதர் 1961இல் மதராஸ் புரோக்கருக்குக் கடிதம் எழுதி ஒரு மில்லின் ஷேர் வாங்கினார். அடுத்த வருஷமே அதில் கொஞ்சத்தை விற்று, புது ஸ்கூட்டரில் ஞாயிறு பூசைக்கு வந்து இறங்கினார். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட அற்புதசாமியின் காதில் ஏறவில்லை. வயிறு அப்படி எரிந்தது.

"எப்படி மச்சான் பார்த்து வாங்குறீங்க?"

"வெங்காயம் மாதிரிதான் மாப்பிள்ளை. ஊரே வேணாங்கிறப்ப வாங்கணும். ஊரே கேக்குறப்ப தள்ளிவிட்டுடணும்."

இதற்கு ஒரு ஸ்கூட்டரா என்று நொந்துகொண்டு, அற்புதசாமியும் அதே ஷேரை வாங்கினார். பணம் மனைவி செல்வமேரியுடையது; வையம்பட்டியில் தாய்வீட்டு நிலத்தை விற்றதில் வந்தது. அதனால் ஷேரும் அவள் பேரில்தான்.

தினமும் வாசகசாலையில் பேப்பரைப் பிரித்து விலை பார்த்தார். பார்த்த நாளெல்லாம் இறங்கியிருந்தது. காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டார். நாலு நாளும் ஏறியிருந்தது! உடனே அவருக்குப் பொறி தட்டியது. எலெக்ட்ரானைப் பார்க்கப் போனாலே அதன் நிலை குலைந்துவிடும். ஷேரும் அப்படித்தான். பார்க்காத வரை அது ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது. இவர் பார்வைதான் அதைக் கீழே தள்ளுகிறது.

"இனி நான் விலை பார்க்கப் போறதில்ல. வீட்டுலயும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

"கண்ணு பட்டுடும்ங்கிறதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?" என்றாள் செல்வமேரி.

"இது குவாண்டம்!" என்று சீறினார்.

ஐந்து மாதம் வியாபாரப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டே பேப்பர் படித்தார். ஒருநாள் ஆசிரியர் அறையில் யாரோ அந்த மில்லின் பெயரைச் சொல்லி உச்சுக் கொட்டினார்கள். பதறிப்போய் விலையைப் பார்த்தார். வாங்கியதில் கால்வாசிகூட இல்லை. செல்வமேரியின் நிலம் போயிற்று. அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் மறு நிமிஷமே நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. செபஸ்தியானும் அதே ஷேர்தானே வைத்திருக்கிறார்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பறந்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் துக்கம் விசாரிக்கப் போனதே இல்லை.

"மச்சான், மனசைத் தளர விட்டுடாதீங்க."

"எதுக்கு மாப்பிள்ளை?" என்று செபஸ்தியான் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தார். "ஓ, அந்த ஷேரா? மூட்டை தூக்குற மருதைகூட அதைக் கேக்க ஆரம்பிச்சுட்டான். சரி, நேரம் வந்துடுச்சுன்னு போன மாசமே வித்துட்டேன். தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கி, அதோடதையும் சேர்த்து. போட்டதுக்கு ரெண்டு மடங்கு. உங்ககிட்ட சொன்னா கோவிப்பீங்கன்னுச்சு."

நிலத்துக் காசு பிழைத்தது. முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரம். அற்புதசாமிக்கோ அழுகை வந்தது. இருவருமாகத் தொலைத்திருந்தால்கூட அன்று நிம்மதியாகச் சோறு இறங்கியிருக்கும்.

"ரொம்ப நன்றி மச்சான்" என்றார், மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு.