கறாரக்காவின் பூட்டுச் செலவு

எங்கள் காப்பகத்தில் கணக்குப் பார்க்கும் அக்காவுக்குக் கறாரக்கா என்று பெயர் வைத்தது நான்தான். நான் அங்கே சமையல்காரி. ஒரு தீப்பெட்டி கூடுதலாக வாங்கினாலும் என்னைக் குடைந்து எடுத்துவிடுவாள்.

புருஷனிடம் அடிபட்டு உயிர் தப்பி வந்த பதினொரு பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கும் வீடு அது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அரசாங்கம் இரண்டு தவணையாகப் பணம் தரும். மீதிக்கு நன்கொடைதான். மின்விசிறி தருகிற மகராசன் இறக்கையில் தன் பெயரை எழுதித் தருவான். பூட்டு வாங்கக் காசு கேட்டால் ஆளையே காணோம். எங்களுக்கோ பூட்டுதான் உயிர். எவனாவது ஒரு புருஷன் தெருமுனையில் தென்பட்டால் அன்றைக்கே எல்லாப் பூட்டையும் மாற்றிவிடுவோம். அந்த வருஷம் மட்டும் ஆறு முறை மாற்றினோம்.

கடைக்காரர்களையும் அக்கா பழக்கி வைத்திருந்தாள். "யார் வந்து கேட்டாலும் அப்படி ஒரு வீடே தெரியாதுன்னு சொல்லிடுங்கண்ணே. எந்த அட்டையைக் காட்டினாலும் நம்பாதீங்க."

அதுவே எங்களுக்கு வினையாகிவிட்டது. இரண்டாம் தவணைக்கு முன்னால் அரசாங்க ஆடிட்டர் ஒருவர், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பில்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக விசாரிக்கப் போனார். பூட்டுக்கடை, மருந்துக்கடை, வாடகை வண்டி என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போலக் கையை விரித்துவிட்டார்கள்.

நாலாம் நாள், காப்பகத்துக்கு வெளியே தனியாக இருக்கும் எங்கள் அலுவலக அறைக்கு வந்தார். காய்கறி பில் கொடுக்க நானும் போயிருந்தேன்.

"எல்லாம் போலி பில்லும்மா. தவணையை நிறுத்தச் சொல்லி எழுதப் போறேன்" என்றார்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தவணை நின்றால் அடுத்த மாத வாடகை கிடையாது. பதினொரு பேரும் தப்பி வந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். என் ஓட்டை வாய் சும்மா இருக்குமா? அங்கிருந்தே காப்பகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"சார், நானும் வரேன். என் முன்னாடி கேளுங்க" என்று அக்கா அவரைப் பூட்டுக்கடைக்கு அழைத்துப்போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடைக்காரர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்ற ஆம்பளையையும் பார்த்தார்.

"இந்தம்மாவ நான் பாத்ததே இல்லையே!"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது.

"அண்ணே, இவரு யாரோட புருஷனும் இல்ல, ஆடிட்டர்! உண்மையச் சொல்லுங்க" என்று அக்கா கெஞ்சினாள்.

"மெரட்டிச் சொல்ல வைக்கிறானாம்மா?" என்று கேட்டபடியே அவர் ஷட்டர் இழுக்கும் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

ஆடிட்டர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு நாளா அரசாங்க அட்டையோட அலையறேன். எனக்கே ஒருத்தர் வாயத் திறக்கல. புருஷன்காரன் வந்தா என்னத்தக் கண்டுபிடிப்பான்?"

நகல் பில் புத்தகம் வெளியே வந்தது. ஆறு பில்லும் எங்களுடையதோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. மற்ற கடைகளிலும் அக்கா தலையைக் காட்டிச் சமாதானம் சொன்ன பிறகு சரியாகிவிட்டது. சாயங்காலமே ஆடிட்டர் தவணைக்குக் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் திரும்பியபோது, போன வாரம் வந்து சேர்ந்த ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"திரும்பிப் போகணுமாக்கா?"

"எங்கயும் போக வேணாம்டி. பணம் வருது."

அவள் ஓவென்று அழுதாள். கறாரக்காவும் அழுதாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் உள்ளே போய், பையிலிருந்த பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.