என் முழங்காலை இடித்த சிவப்பு சுவிட்ச்

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. திருவாலங்காடு கோயிலில் கார் பூஜையை முடித்துக்கொண்டு நானும் என் கணவரும் மணவாள நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் பூஜை என்றதும் ஷோரூமில் இருந்து இறக்கிய புதுக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். அது என்னைவிட வயதான ஓர் அம்பாசிடர்.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. வாரம் முழுக்கக் கம்பெனி பஸ், லீவு நாளில் காருக்கு அடியில் படுக்கை. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் பாதிப் பேர் அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். சின்ன வயதில் சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்கப் போன இடத்தில் தொற்றிக்கொண்ட பைத்தியம் அது. பந்தயம் அங்கே நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இவருக்கு மட்டும் நிற்கவில்லை. ஓடாமல் கிடந்த அம்பாசிடர் ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்து, கூரையைத் தாழ்த்தி, பின் சக்கரங்களைப் பெரிதாக்கி, தக்காளிச் சிவப்பில் பெயின்ட் அடித்து, கடைசியில் முன்பக்கத்து பானெட்டையே கழற்றிப் போட்டுவிட்டார். இன்ஜின் வெளியே தெரிந்தால்தான் அழகாம். எனக்கு அது மூடி போடாமல் அடுப்பில் ஏற்றிய குக்கர் மாதிரி இருந்தது. சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

அதோடு விட்டாரா? பந்தயக் காருக்குச் சாவி போட்டுத் திருகுவதெல்லாம் சரிப்படாது என்று அதையும் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச். மேலே தள்ளினால் இன்ஜினுக்குக் கரண்ட், கீழே தள்ளினால் எல்லாம் கட். அவர் பக்கம் முழுக்க வட்ட வட்டமாக மீட்டர்கள் உட்கார்ந்துவிட்டதால், சுவிட்சுக்கு இடமில்லை. அதனால் அது என் பக்கம் வந்தது. சரியாக என் வலது முழங்காலுக்கு நேரே. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது என் முழங்காலில் இடிக்கும். ஒரே இடத்தில் இடித்து இடித்துத் தோல் கறுத்துப் போயிருந்தது.

“இத எடுத்து வேற எங்கனா வைங்க. இல்லன்னா நான் இந்த வண்டில ஏற மாட்டேன்” என்று அன்று காலையிலும் சண்டை.

“திங்கக்கெழம மாத்தித் தரேன். இன்னா இப்போ, கோயிலுக்குப் போற நேரத்துல” என்றார்.

மறுநாள் சென்னையில் பழைய கார்க்காரர்கள் கூடும் கண்காட்சி. ஊரே வந்து வண்டியைப் பார்க்கும், திருஷ்டி பட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. இன்ஜினைத் திறந்து போட்டதே பிறர் பார்க்கத்தான், பார்த்தால் கண் படுமாம். இந்த நியாயத்தை நான் கேட்கவில்லை, பூஜை நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அர்ச்சனை முடிந்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கடைசியில் குருக்கள் ஒரு பெரிய சாமந்தி மாலையைக் கொடுத்தார். எல்லாக் காரிலும் பானெட் மேல் போடுவார்கள். இதில் பானெட்டே இல்லையே. என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாலையை இன்ஜின் மேலேயே போட்டு, பறந்துவிடாமல் இருக்க வாழைநாரால் கட்டினார். நானும் பக்கத்தில் நின்று அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் வந்ததும் கண்ணாடியில் பூவிதழ்கள் வந்து விழ ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கொத்துக் கொத்தாக. திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மஞ்சள் மஞ்சளாக எங்கள் தலைமேல் எல்லாம் பறந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

“பாத்தியா, சாமியே பூ போட்டு அனுப்புது.”

சாமி போடவில்லை, இன்ஜினுக்கு முன்னால் சுற்றும் விசிறிதான் மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிய்ந்த நாரும் நூலும் போய் ஆக்ஸிலரேட்டர் கம்பியில் சுற்றிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. பானெட் உள்ள காருக்கு இப்படி நடக்கவே நடக்காது. காருக்கு மாலை போடாத ஊரிலும் நடக்காது. எங்களுக்கென்றே வந்த தப்பு.

ஒரு வளைவு தாண்டியதும் இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறியது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துத் திட்டத் திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“கால எடுத்துட்டேன்டி. வண்டி அடங்க மாட்டேன்னுது.”

அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பாதி ரோட்டில் நெல் காயும். ஓரமாகக் கல் வைத்து, நீளத்துக்குப் பரப்பியிருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பாதியில் நெல். அந்தப் பக்கத்துப் பாதியில் எதிரே ஒரு செங்கல் லாரி வந்துகொண்டிருந்தது. நெல்லின் நடுவில், தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா எங்களுக்கு முதுகு காட்டி, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார்.

என் கணவர் பிரேக்கை மிதித்தார். வண்டி முனகியதே தவிர வேகம் குறைந்தபாடில்லை. பதற்றத்தில் கிளட்ச்சும் கியரும் அவருக்கு மறந்தே போயிருந்தன. ஹாரனை அமுக்கினார். அதுவோ அவர் ஆசைப்பட்டு மாட்டிய பழைய காலத்து ரப்பர் பந்து ஹாரன். ‘பாம் பாம்’ என்றது. அந்த அம்மா திரும்பவே இல்லை. லாரி சத்தத்தில் எங்கள் இன்ஜினும் அவருக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் ஒடித்தால் லாரி. இடது பக்கம் பள்ளம், அதற்கு முன்னால் வரிசையாகப் புளியமரங்கள். நேரே போனால் அந்த அம்மா. என்னால் கத்தக்கூட முடியவில்லை. அந்த அம்மாவின் கால்கள் நெல்லில் கோடு போட்டுக்கொண்டே போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. டங்கென்று அந்த சுவிட்ச் என் முழங்காலில் இடித்தது, அதே கறுத்த இடத்தில். உயிர் போகிற வலி. அந்த வலியில்தான் எனக்கு அது என்ன சுவிட்ச் என்பதே ஞாபகம் வந்தது. கையை ஓங்கி, அவர் மேல் இருந்த அத்தனை நாள் கோபத்தையும் சேர்த்துக் கீழே ஓர் அடி அடித்தேன்.

சத்தம் நின்றது. பிரேக்கும் இப்போது பிடித்தது. டயர்கள் நெல்லில் வழுக்கி, வண்டி கொஞ்சம் குறுக்காகச் சாய்ந்து, தார்ப்பாயில் குவித்திருந்த நெல்லில் மூக்கைச் செருகி நின்றுவிட்டது. லாரி எங்களைக் கடந்து போனது. அந்த அம்மா அப்போதுதான் திரும்பினார். எட்டிக் கை நீட்டினால் வண்டியைத் தொடுகிற தூரம்.

வண்டியைப் பார்த்தார், எங்கள் தலையில் இருந்த பூவைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, கண்ணாலத்து மாப்ள வண்டியா? பாம் பாம்னு கேட்டுது, பஞ்சு மிட்டாய்க்காரன்னு நெனச்சிக்கினேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கியவள் அப்படியே நெல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஏதோ சோதிக்கிற மாதிரி. அவருக்கு விஷயம் புரிந்துபோனது. அப்புறம் என் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்தார்.

அதற்குள் வயலில் இருந்து அவர் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர்கள் சொந்த நிலத்து நெல் அது. வரும்போதே சத்தம்.

“கண்ணு இன்னா பொடனிலயா கீது? ஆளு நிக்கறது தெரில?”

அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். விழுந்தாலும் நியாயம்தான். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த மனிதர் சட்டென்று அடங்கிப் போனார். என் கணவர் இன்னும் சீட்டிலேயே இருந்தார். இரண்டு கையும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன, கால் இன்னும் பிரேக்கை மிதித்தபடி. யாரையும் பார்க்கவில்லை.

அந்த மனிதர் கதவைத் திறந்து, குனிந்து, என் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டீரிங்கில் இருந்து எடுத்துவிட்டார்.

“வுடு சார். வண்டி நின்னுடுச்சு. வுடு.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கடைசி விரலும் விட்ட பிறகுதான் என் கணவர் பெருமூச்சு விட்டார். பிறகு அந்த அம்மா கொடுத்த தண்ணீரை மேலெல்லாம் சிந்திக்கொண்டு குடித்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் இன்ஜினைக் குனிந்து பார்த்தவர், சிக்கியிருந்த நாரை அறுக்க பிளேடு தேடினார். அந்த அம்மா விடவில்லை. “சாமி மாலைய அறுக்கக் கூடாது, அவுக்கணும்” என்று சொல்லி, இன்ஜின் சூடு ஆறும்வரை காத்திருந்து, கம்பியில் சுற்றியிருந்ததைத் தானே மெதுவாகப் பிரித்தெடுத்தார். எஞ்சியதைக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் வைத்தார்.

நாங்கள் அன்று மதியம்வரை அங்கேதான் இருந்தோம். யாரும் இருக்கச் சொல்லவில்லை. இறைந்த நெல்லைக் கூட்டி அள்ளினோம், மறுபடி பரப்பினோம், அதில் கலந்த சாமந்தி இதழ்களைப் பொறுக்கினோம். காரில் ஒரு தூசி விழுந்தால் துணியோடு ஓடுகிற மனிதர், வெயிலில் குத்துக்காலிட்டு ஊரார் நெல்லில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் நடுவில் ஒருமுறை காரைச் சுற்றி வந்தார்.

“வண்டி சோக்காதான் கீது. மேல ஒரு மூடி மட்டும் போட்டுக்க சார்.”

நான் சிரித்துவிட்டேன். என் கணவரும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு எங்களுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் கண்காட்சிக்குப் போகவில்லை. பானெட் திரும்ப வந்துவிட்டது. திங்கட்கிழமை சுவிட்சை மாற்ற ஸ்க்ரூடிரைவரோடு வந்தவரை நான்தான் தடுத்தேன். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், இப்போது ஏறி உட்கார்ந்ததும் என் கை முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறது.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி மட்டுமல்ல, பல வாரங்கள் அவருக்குத் தூக்கம் கெட்டது. அந்த அம்மா அப்போது ஓர் அடி பின்னால் வந்திருந்தால், அந்த சுவிட்ச் வேறு இடத்தில் இருந்திருந்தால் என்று புலம்புவார். எனக்கும் அதே நினைப்புதான். அப்போதெல்லாம் எங்களில் ஒருவர் மற்றவர் கையைப் பிடித்து, “வுடு, வண்டி நின்னுடுச்சு” என்போம். இப்போது வீட்டில் எதற்கும் அதுதான், நான் வைத்திருக்கும் சின்னக் கடையில் நடந்த சண்டைக்கும் அதுதான், அவர் கம்பெனியில் வந்த மனக்கசப்புக்கும் அதுதான். நடக்காமல் போன ஒரு கெட்டதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று, திட்டுவதற்கு எல்லா உரிமையும் இருந்த ஒரு மனிதர் எங்கள் விரல்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.