ஜெயினுலாப்தீனின் கறுப்புக் கண்ணாடி

தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீனுக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. அதை அவர் பெரிய குறையாக நினைத்ததில்லை. தூக்கம்தான் குறை. இந்த வாரம் நண்பகலில் வரும். அடுத்த வாரம் சாயங்காலத்துக்கு நகரும். பிறகு சில நாள் நல்ல பிள்ளையாக இரவில் வந்துவிட்டு மறுபடி ஊர்சுற்றக் கிளம்பிவிடும்.

சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து பெண் வீட்டார் பேச வந்தது ஒரு நண்பகல் வாரத்தில். பெண்ணின் வாப்பா கல்யாணத் தேதி பற்றித் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை குறட்டையில் பதில் சொன்னார். யோசித்துச் சொல்வதாக எழுந்து போய்விட்டார்கள்.

அவர் லாத்தா என்று கூப்பிடும் அக்கா பீவி அழுதார். ஜெயினுலாப்தீன் அழவில்லை, ஆனால் பெண் ஃபர்ஸானாவுடன் போனில் பேசிப் பேசி, இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்ற கட்டத்துக்கு ஏற்கெனவே வந்திருந்தார்.

செம்பூர் உமாமகேஸ்வரி மூளை விஞ்ஞானி. பார்வையற்றவர்களின் தூக்கத்தை ஆராய்கிறவர். யாரோ சொல்லி ஜெயினுலாப்தீனை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். கண்ணில் பளீரென்று வெளிச்சம் அடித்தார். தெரிகிறதா என்றால் இல்லை என்றார் இவர். எச்சிலைச் சோதித்தால் வேறு கதை: தூக்கத்துக்கான மெலடோனின் சட்டென்று குறைந்திருந்தது.

"கண்ணுல சில செல்கள் இருக்கு சார். பார்க்கறது அதோட வேலையே இல்லை. விடிஞ்சுதுன்னு மூளைக்குச் சொல்லணும், அவ்வளவுதான். உங்களுக்கு அது நன்னாவே இருக்கு. நீங்கதான் அதுக்கு வெளிச்சத்தையே காட்டறதில்லை."

எங்கே காட்டுவது? பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. படுக்கையும் அதன் கூரையை ஒட்டிய மேல்தட்டில். போதாததற்கு பீவி மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடி. பார்வையற்றவருக்கு அதுதான் மரியாதை என்று பார்வையுள்ளவர்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள்.

தினமும் காலையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிர்வீட்டு ஏணியில் ஏறித் தகரக் கூரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து அவர் யார் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார் என்று ஒருவர் சண்டைக்கு வந்தது, தாராவி யாரையும் குறைவாக எடைபோடாது என்பதற்கு அத்தாட்சி.

மழைக்காலம் வருவதற்குள் தூக்கம் இரவோடு ஒட்டிக்கொண்டது. பெண் வீட்டாரைக் கெஞ்சி மறுபடி வரவழைத்தார்கள். வழக்கத்துக்கு மாறாக ஃபர்ஸானாவும் வந்தாள். பீவி மரியாதையாகக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

ஜெயினுலாப்தீன் அடக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதுதான் வினை. பெண்ணின் வாப்பா முகம் சுருங்கியது.

"அந்தக் கண்ணாடியக் கழத்துங்க," என்றாள் ஃபர்ஸானா. "முழிச்சிருக்கியளா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முழிச்சுத்தான் இருக்கேன். லாத்தா மாட்டிவுட்டாவ," என்று கழற்றினார்.

பீவி தலையைக் குனிந்துகொண்டார். ஃபர்ஸானா நிதானமாகப் பார்த்தாள். பிறகு வாப்பா பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹரைப் பற்றி இன்னும் பேசவில்லையே என்றாள். எல்லாரும் தங்கத்துக்குத் தயாரானார்கள்.

"மேல்தட்டுக் கூரையில ஒரு தகரத்த எடுத்துட்டு, வெளிச்சம் வர்ற ஷீட் போட்டுத் தரச் சொல்லுங்க. விடியிறது எனக்கும் தெரியணும்லா."

"நாளைக்கே ஆளு வரச்சொல்லுதேன்," என்றார் மாப்பிள்ளை.

மழை வந்தால் ஒழுகுமே என்றார் பீவி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.